எகிஷைமில் முக்கால் மணி நேரம்

குயில் கடிகாரத்தைத் தோற்கடிக்க செல்வமணிக்கு மூன்று வாரம் பிடித்தது.

சாலைக் கடைத்தெருவின் மொத்த வியாபாரிகளில் பதினோரு குடும்பம் சேர்ந்து செப்டம்பர் கடைசியில் ஐரோப்பா போவதாக ஏற்பாடு. பன்னிரண்டு நாள். பாரீசில் தொடங்கி ரோமில் முடியும். அதில் ஐந்தாம் நாளை மட்டும் டிராவல்ஸ்காரர்கள் கூட்டத்தாரின் இஷ்டத்துக்கு விட்டிருந்தார்கள். ஸ்டிராஸ்பர்க் என்ற ஊரில் தங்கியிருக்கும் அன்று, எல்லை தாண்டி ஜெர்மனிக்குள் போய் மரத்தில் குயில் கடிகாரம் செய்வதைப் பார்க்கலாம். இல்லையென்றால் கோல்மார் என்ற பழைய நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள ஒயின் கிராமங்களையும் பார்த்துவிட்டு சாயங்காலத்துக்குள் திரும்பலாம். வைகாசி மாதம் முதல் கூட்டம் கூடியபோது ஒன்பது குடும்பம் கடிகாரத்தின் பக்கம் இருந்தது.

செல்வமணி வீடு வீடாகப் போனாள். ஐம்பத்தெட்டு வயதில் மூட்டுவலியைத் தூக்கிக்கொண்டு, மாடி வீடுகளுக்கும் ஏறினாள். பக்தி உள்ளவர்களிடம் எழுநூறு வருஷப் பழமையான கோயில் இருக்கிறது என்றாள். மாதா கோயில் என்பதைக் கடைசியில்தான் சொன்னாள். ஆலப்புழைக்குப் போய் வந்ததையே ஆறு மாதம் பேசுகிறவர்களிடம், அங்கேயும் வீட்டு வாசலில் படகு போகும் என்றாள். பலசரக்கு நேசமணியிடம் ஒன்றும் சொல்ல வேண்டி வரவில்லை. ஒயின் என்ற ஒரு சொல்லிலேயே அவர் கட்சி மாறிவிட்டார்.

அவள் புருஷன் பகவதிப்பெருமாள்தான் முணுமுணுத்தார். ஆரியசாலையில் மிளகாய் மண்டி வைத்திருப்பவர். முப்பத்தைந்து வருஷம் மிளகாய்த் தூசியில் விலை கூவிக் கூவி, ரகசியம் பேசினாலே நாலு கடைக்குக் கேட்கும் குரல்.

"சாராயம் காச்சுக ஊரப் பாக்க டிக்கெட் எடுத்துப் போணுமா பிள்ளே? இங்க பெவரேஜஸ் கடை வரிசைல போய் நின்னா பத்தாதா?"

"சாராயம் இல்ல. முந்திரிப்பழத் தோட்டம். பாக்க நல்லா இருக்குமாம்" என்றாள் செல்வமணி. திராட்சையை இவர்கள் முந்திரிப்பழம் என்றுதான் சொல்வார்கள்.

வாக்கெடுப்பில் கோல்மார் ஜெயித்தது. பகவதிப்பெருமாளின் கை கடைசியாகத்தான் உயர்ந்தது. நேசமணி விலாவில் இடித்ததால் தூக்கியிருப்பார் என்று செல்வமணி நினைத்துக்கொண்டாள். அன்று வீட்டுக்கு வந்து பூஜை அறையில் ஒரு மூச்சு அழுதாள். அந்த ஒயின் கிராமங்களில் ஒன்றான எகிஷைமில் அவள் மகள் ரேஷ்மி இருந்தாள்.

ரேஷ்மியின் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லி ஐந்து வருஷம் ஆயிற்று. கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள், கூட வேலை பார்த்த கோட்டயத்துப் பையன் அபினைத்தான் கட்டுவேன் என்றாள். அபின் கிறிஸ்தவன். நாஞ்சில் நாட்டிலிருந்து மலையாளச் சீமைக்கு வந்து நாலு தலைமுறையாகியும் சம்பந்தத்துக்கு மட்டும் நாகர்கோவில் பக்கமே பஸ் ஏறுகிற குடும்பத்தில் அது எடுபடுமா? பெண் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பகவதிப்பெருமாள் சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டி உட்கார வைத்து, "அவள நான் தலைமுழுகியாச்சு. இனி இந்த வீட்டுல அந்தப் பேரு கேக்கப்பிடாது" என்றார். சொன்னபடியே கிணற்றடிக்குப் போய் நாலு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு வந்து நின்றார். மண்டியில் ஒரு தரம் சொன்ன விலையை மாற்றுவதே கேவலம் என்று நினைக்கிற மனிதர் சபையில் சொன்னதையா மாற்றப்போகிறார்.

ரேஷ்மியும் அபினும் பிரான்சுக்குப் போனார்கள். தியா பிறந்தாள். இப்போது மூன்று வயது. செல்வமணி பேத்தியை இன்னும் தொட்டதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் புருஷன் மண்டியில் இருக்கும்போது மொட்டை மாடிக்குப் போய் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மகளிடம் பேசுவாள். மற்ற நாளில் ரேஷ்மி அனுப்பும் வீடியோக்கள் வரும். குழந்தை முதலடி எடுத்து வைத்தது, கொக்கு மாதிரி ஒரு பறவையைப் பார்த்துக் கைகொட்டியது, பாட்டுப் பாடியது, எல்லாவற்றையும் செல்வமணி சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்துத்தான் பார்த்தாள். அடுத்த அறையில் புருஷன் இருப்பார், வேலைக்காரி இருப்பாள். ஐந்து வருஷமாக அவளுடைய போன் ஊமை.

ஐந்தாம் நாள் கோல்மார் என்று உறுதியானதும் ரேஷ்மி கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அம்மா, அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம பின்ன? அவ்வோதான் அந்தப் பக்கம் போலாம்னு சொன்னது."

பச்சைப் பொய். ஆனால் மறுமுனையில் ரேஷ்மி மூக்கை உறிஞ்சுவதைக் கேட்டபோது, இந்தப் பொய்யைச் சொன்னதற்காகக் கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று தோன்றிவிட்டது. நேரில் பார்த்தால் எல்லாம் சரியாகும். குழந்தையைக் கண்டால் அந்த மனிதர் என்ன செய்துவிடுவார்? முகத்தைத் திருப்பிக்கொள்வாரா? திருப்பட்டுமே. அந்தப் பக்கம் போய் நிற்கச் சொல்லிக் குழந்தையிடம் கண்ணைக் காட்டினால் போயிற்று.

கிழக்கேகோட்டையில் இருந்த டிராவல்ஸ் ஆபீசுக்கு பாஸ்போர்ட் நகல் கொடுக்கிற சாக்கில் போனாள். அங்கே ஆஷா என்ற பெண்தான் இவர்களுடைய பயணத்துக்குப் பொறுப்பு. கோட்டைக்குள் அக்கிரகாரத்துப் பெண். நாள் ஒவ்வொன்றையும் நிமிஷக் கணக்கில் அட்டவணை போட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தாள்.

"எகிஷைமா? நம்ம லிஸ்ட்ல அது இல்லையே ஆண்ட்டி. சாதாரணமா ரிக்வீர்னு வேற ஒரு கிராமத்துக்குத்தான் குரூப்பக் கொண்டுபோவோம். அதுவும் ஒயின் ஊர்தான், கேட்டேளா. பாக்க ஒரே போலத்தான் இருக்கும்."

செல்வமணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னாள். ஆஷா எகிஷைமின் வரைபடத்தைத் தேடி எடுத்தாள். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். அந்த ஊர் வட்டமாக இருந்தது. ஒரு வட்டத் தெரு, அதற்கு வெளியே இன்னொரு வட்டத் தெரு, நடுவில் சின்ன மைதானம், அதில் ஒரு நீரூற்று. சுற்றிலும் மலைச்சரிவு முழுக்கத் திராட்சை.

"எட்டரைக்கு ஸ்டிராஸ்பர்க் விடறோம். ஒன்பதே முக்காலுக்கு கோல்மார். பழைய வீதி, சர்ச், போட்டிங். பன்னெண்டேகாலுக்குக் கிளம்பினா பன்னெண்டு முப்பத்தஞ்சுக்கு எகிஷைம். முக்கால் மணி நேரம் தரலாம் ஆண்ட்டி. அதுக்கு மேல பஸ் டிரைவர் சம்மதிக்க மாட்டான். அங்க அவாளுக்கு இத்தனை மணி நேரந்தான் வண்டி ஓட்டலாம்னு சட்டம் உண்டு."

"எல்லாரும் ஒயின் ருசி பாக்கப் போவாங்க இல்லியா?"

"போவா. நேசமணி அங்கிள் முன்னால நடப்பார். நீங்களும் அங்கிளும் நீரூத்துக்கிட்ட நில்லுங்கோ. மத்தது நான் நோக்கிக்கறேன்."

அந்த முக்கால் மணி நேரத்தை வைத்துக்கொண்டு செல்வமணி ஒன்றரை மாதம் வாழ்ந்தாள். முதல் பத்து நிமிஷம் அழுகையில் போய்விடும், அதைக் கழித்துவிட வேண்டும். பிறகு குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். முந்திரிக்கொத்து செய்து கொண்டுபோனால் பத்து நாள் கெடாது. சிறுபயறு வறுத்து, கருப்பட்டிப் பாகில் உருட்டி, ரேஷ்மிக்குப் பிடித்த மாதிரி தேங்காய் தூக்கலாக. பத்து நிமிஷம் அதைத் தின்னும்போது பார்த்துக்கொண்டிருக்கலாம். அபினிடம் ஒரு வார்த்தை. மிச்சத்தை அப்பனும் மகளும் எடுத்துக்கொள்ளட்டும். தோசை வார்க்கும்போதும் துணி உலர்த்தும்போதும் அவள் இதையே கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். பகவதிப்பெருமாள் இரண்டு தரம், "என்ன தன்னால சிரிச்சிட்டிருக்கே?" என்று கேட்டார். விசா வந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாள்.

ஆடி அமாவாசை வந்தது. இங்கே அதைக் கர்க்கடக வாவு என்பார்கள். செத்துப்போனவர்களுக்குப் பலி இடுகிற நாள். பகவதிப்பெருமாள் வருஷம் தவறாமல் திருவல்லம் ஆற்றங்கரைக்குப் போய் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பலி இட்டு வருவார். இந்த வருஷம் அவருடைய தம்பி மகன் கிரீஷும் கூடப் போனான். அவனுடைய அப்பா போன வருஷம்தான் இறந்திருந்தார்.

விடிந்து வெயில் ஏறும்போது திரும்பி வந்தார்கள். வெங்காயம் பூண்டு இல்லாத சமையல் தயாராக இருந்தது. பகவதிப்பெருமாள் இலையில் உட்கார்ந்திருக்கும்போது செல்வமணியின் போனில் வெளிச்சம் மின்னியது. கிரீஷ் வீட்டுக்குப் போனதும் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். 'பெரியப்பா பலி இட்டது' என்று மட்டும் எழுதியிருந்தான்.

அடுக்களையில் நின்றபடியே பார்த்தாள். வரிசையாக ஆட்கள் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவள் புருஷன். வெற்றுடம்பில் தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வீட்டில் தினம் பார்க்கிற உடம்புதான், ஆனால் கூட்டத்தில் பார்த்தபோது கிழவராகத் தெரிந்தார். தர்ப்பை கட்டிய விரலால் எள்ளை எடுத்தார். எள் இலையில் விழாமல் மணலில் விழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி சிந்தியது. உதடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. செல்வமணிக்கு நெஞ்சு உருகிவிட்டது.

முந்தின வியாழக்கிழமை ரேஷ்மி மறுபடி கேட்டிருந்தாள், "நெசமாவே அப்பாவுக்கு தேஷ்யம், கோவம் எல்லாம் மாறியாச்சா அம்மா?" என்று. இதை அவள் பார்க்கட்டும். பார்த்தால் கேள்வியே கேட்க மாட்டாள். செல்வமணி அந்த வீடியோவை மகளுக்கு அனுப்பினாள். கீழே, 'பாரு, அப்பா எப்படி ஆயிட்டாங்க' என்று எழுதினாள். பிறகு புருஷனுக்கு மோர் ஊற்றப் போனாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு ரேஷ்மியிடமிருந்து பதில் வந்தது. 'அம்மா, நீ அத சத்தம் வெச்சுக் கேட்டியா? ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட்ல கேளு.'

மொட்டை மாடியில் வெயில் கொளுத்தியது. செல்வமணி காய்ந்துகொண்டிருந்த வடகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து வருஷத்தில் முதல் தடவையாகப் போனின் சத்தத்தைக் கூட்டினாள். காக்காய் கத்தியது. ஆற்றங்கரைக் கூட்டத்தின் இரைச்சல். பலி இடுவிக்கிறவர், அவரவர் பித்ருக்களின் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லிக்கொள்ளச் சொன்னார். மற்றவர்கள் வாய்க்குள் முனகினார்கள். மிளகாய் மண்டிக் குரலுக்கு முனகத் தெரியாது. அது கணீரென்று கேட்டது.

"சங்கரநாராயணபிள்ளை, உத்திரட்டாதி. நீலம்மை, திருவோணம்."

மாமனார், மாமியார். பிறகு கொஞ்சம் இடைவெளி. எள் சிந்தியது.

"ரேஷ்மி, அவிட்டம்."

செல்வமணி அதை மூன்று தரம் கேட்டாள். கேட்பதற்கு வேறு ஏதாவது கிடைக்குமா என்று பார்ப்பதுபோல மூன்று தரம். பெற்ற மகளை, உயிரோடு இருக்கிறவளை, எள்ளும் தண்ணீரும் இறைத்து அனுப்பியிருக்கிறார். அனுப்பிவிட்டு வந்து இலையில் உட்கார்ந்து, பாயசத்துக்குச் சர்க்கரை குறைவு என்று சொல்லியிருக்கிறார். அவள் கையாலேயே பரிமாறியிருக்கிறாள்.

அதற்குள் ரேஷ்மியின் குரல் செய்தி வந்துவிட்டது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"அபினும் கேட்டாச்சு அம்மா. அவனுக்கு நான் டிரான்ஸ்லேட் பண்ணிக் குடுக்க வேண்டிய காரியம் இல்லியே, அவன் மலையாளிதானே. வாவுபலின்னா என்னன்னு அவனுக்குத் தெரியும். எந்திரிச்சுப் போயிட்டான். நீ எதுக்கு இத எனக்கு அனுப்பினே? அப்பா மாறிட்டாங்கன்னு சொன்னியே, இதுதானா அது? செத்தவள பாக்க எதுக்கும்மா இவ்ளோ செலவு பண்ணி வரணும்? நீங்க வார அன்னைக்கு நாங்க ஊர்ல இருக்க மாட்டோம். அபினோட சேச்சி ஸ்டுட்கார்ட்ல இருக்கா, அங்க போறோம். தியாகிட்ட அம்மம்ம வாரான்னு சொல்லி வெச்சிருந்தேன். டெய்லி நாள் எண்ணிட்டிருக்கா. இனி நான் அத மாத்திச் சொல்லணும். விளிக்காதே அம்மா. கொஞ்ச நாள் விளிக்காதே."

செல்வமணி கூப்பிட்டாள். போகவில்லை. எழுதினாள்: 'எனக்குத் தெரியாது மோளே, சத்தியமாத் தெரியாது.' அனுப்பிய செய்தி அங்கே போய்ச் சேரவே இல்லை. ரேஷ்மியின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த குழந்தையின் படமும் மறைந்து வெறும் சாம்பல் வட்டமாகிவிட்டது. என்ன செய்திருக்கிறாள் என்று மறுநாள் கிரீஷ் வந்துதான் விளக்கினான்.

"பிளாக் பண்ணிட்டா பெரியம்மே. ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நான் நெனச்சேன். அப்பா இருக்கும்போதே சொல்லிருக்காங்க, பெரியப்பா வருஷாவருஷம் அக்கா பேரச் சொல்லி பலி இடுகாங்கன்னு. நான் ஃபேமிலி குரூப்புல கூடப் போடல. ஒங்களுக்கு மட்டுந்தான் அனுப்பினேன். நீங்க அத அக்காக்கு அனுப்புவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீ ஒரு தடவ விளிச்சுப் பேசு மக்கா. பெரியம்மைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் சொல்லு."

கிரீஷ் அங்கேயே நின்று கூப்பிட்டான். ரேஷ்மி எடுத்தாள். "அக்கா, பெரியம்மை" என்பதற்குள் வைத்துவிட்டாள். அடுத்த நாள் அவன் எண்ணும் போகவில்லை.

புருஷனிடம் கேட்டுவிட வேண்டும் என்று செல்வமணிக்கு வாய்வரை வரும். சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும். கேட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். அதற்குப் பதில் சொல்லப்போனால் ஐந்து வருஷத்து வியாழக்கிழமைகளும் வெளியே வரும். அதற்காகக்கூட அவள் பயப்படவில்லை. அவர் செய்தது கொடுமை, ஆனால் அதை மகளின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தது தான் என்பதுதான் அவள் வாயைக் கட்டியது. அவர் ஆற்றங்கரையில் சொன்னது ஆற்றோடு போயிருக்கும். தபால்காரி மாதிரி அதைப் பொறுக்கி எடுத்து ஏழு கடலுக்கு அப்பால் கொண்டு சேர்த்தவள் அவள். ஒரு தரம், ஒரே ஒரு தரம் சத்தத்தை வைத்துக் கேட்டிருந்தால் போதும். இரவில் தூக்கம் வராது. பகலில் சாம்பாரில் உப்பை இரண்டு தரம் போடுவாள். பகவதிப்பெருமாள் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டுப் போவார்.

பயணத்துக்கு முந்தின கடைசிக் கூட்டம் ஆரியசாலையில் வியாபாரிகள் சங்கக் கட்டிடத்தின் மாடியில் நடந்தது. ஆஷா எல்லோருக்கும் அச்சடித்த அட்டவணையைக் கொடுத்தாள். ஐந்தாம் நாள் பக்கத்தில் எகிஷைம் என்று தமிழிலேயே போட்டு, நீரூற்றின் படத்தையும் சின்னதாக வைத்திருந்தாள். செல்வமணிக்காகச் செய்தது என்று பார்த்தாலே தெரிந்தது. அவள் அந்தக் காகிதத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாளைப் பற்றிப் பேச்சு வந்ததும் செல்வமணி எழுந்தாள்.

"அந்த எகிஷைம் வேண்டாம் மோளே. கோல்மார்லயே கூடுதல் நேரம் இருக்கலாம். இல்லேன்னா ரிக்வீர்னு ஏதோ சொன்னியே, அங்க போலாம்."

ஆஷா திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள். "ஆண்ட்டி, ஒறப்பாத்தான் சொல்றேளா?"

"ஆமா. எல்லா ஊரும் ஒரே மாதிரிதான்னு நீதானே சொன்னே?"

அவளால் அந்த ஊருக்குள் போய் நிற்க முடியாது. வட்டத் தெருவில் எந்த வீடு பூட்டியிருக்கிறது, எந்த ஜன்னலில் குழந்தையின் துணி காய்கிறது என்று பார்த்துக்கொண்டே நடக்க முடியாது. நேசமணி எந்த ஊரானாலும் ஒயின் இருந்தால் சரி என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஆஷா பேனாவை எடுத்தாள்.

"வெட்டாண்டாம்" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். பகவதிப்பெருமாள் எழுந்து நின்றார். "அந்த ஊரு இருக்கட்டும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் காகிதத்தை மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதுல முக்கால் மணி நேரம்னு போட்டிருக்கு. ஒரு மணி நேரமா ஆக்க முடியுமா மோளே? டிரைவருக்கு நான் வேணும்னா சொல்லுகேன். படகு சவாரி எனக்கு வேண்டாம், அதக் கொறைச்சுக்கோ."

"படகு எங்களுக்கு வேணுமே அண்ணாச்சி" என்று யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கெஞ்சுகிற முகத்தோடு நின்றார். விலை பேசி ஆளை மடக்குகிற அந்த முகத்தில் அப்படி ஒரு சாயலை அந்தத் தெரு கண்டதில்லை. ஆஷா செல்வமணியைப் பார்த்தாள். செல்வமணி தரையைப் பார்த்தாள். கடைசியில் ஆஷா படகில் பதினைந்து நிமிஷத்தை வெட்டி எகிஷைமில் சேர்த்தாள்.

கூட்டம் முடிந்து பகவதிப்பெருமாள் அவளை மண்டிக்கு அழைத்துப் போனார். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே அவளை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, மேஜை டிராயரிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே பஞ்சில் இரண்டு தங்கக் காப்பு. குழந்தைக் காப்பு.

"ஒனக்கு எல்லாம் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார். அவருக்கு வந்த மிகச் சன்னக் குரலில்தான் பேசினார். "அவ எந்த ஊருல இருக்கான்னு தெரியாமலா கையத் தூக்கினேன்? வியாழக்கெழமை நீ மாடிக்குப் போறது தெரியாமலா மண்டில உக்காந்திருந்தேன்? நான் ஒரு கேடு செஞ்சிட்டேன் செல்வம். தலைமுழுகியாச்சுன்னு சபைல சொன்னேன்லா, அந்த வருஷம் வாவுக்கு அவ பேரையும் சொல்லிட்டேன். வெறி. ஒரு தடவ சொன்னா அடுத்த வருஷம் எப்படி விடுகது? விட்டா குத்தமாயிரும்னு பயம். அப்பறம் எனக்கு அதுவே வேண்டியிருந்தது. வருஷத்துல அந்த ஒரு நாள்தான் அவ பேரச் சொல்ல எடம் இருந்தது."

செல்வமணி டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவ பலி முடிஞ்சு, அத இடுவிக்க அந்த இளயதுகிட்ட தனியாக் கேட்டேன். இத நிறுத்த என்ன வழின்னு. திட்டினாரு. உயிரோட இருக்கவளுக்கு எவனாவது இத செய்வானாடான்னு. பின்னச் சொன்னாரு, பெத்த மகள நேருல கண்டு, கைல ஏதாவது குடு. அதோட தீந்துச்சு, பின்ன பேரு சொல்லாண்டாம்னு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிளகாய் நெடிக்கு அந்தக் கண் கலங்கி யாரும் பார்த்ததில்லை. "அவ கைல குடுத்தா வாங்க மாட்டா. குட்டி கைல போட்டுட்டா?"

சொல்லிவிட வேண்டும். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், வீடு பூட்டியிருக்கும், உங்கள் குரலை அவள் கேட்டுவிட்டாள், கேட்க வைத்தவள் நான். செல்வமணி வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் ஒரு காப்பை இரண்டு விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வயசுக்குன்னு சொல்லித்தான் எடுத்தேன். கை மெலிஞ்சிருக்குமா, தடிச்சிருக்குமா? ஒனக்குத்தானே தெரியும்."

பயணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அதன் பிறகு நாலு நாள் பாரீசும் பஸ்ஸும். ஒன்றரை மாதம் அவள் அடுக்களையில் தன்னால் சிரித்துக்கொண்டிருந்தாளே, அந்த மாதிரி இந்த மனிதருக்கும் இருபத்திரண்டு நாள் கிடைக்கும். அதற்குப் பிறகு அந்த நீரூற்றுப் பக்கத்தில் ஒரு மணி நேரம். அதை அவர் கேட்டு வாங்கியிருக்கிறார். கையில் கொடுக்க ஆள் இல்லையென்றால் அடுத்த ஆடியில் மறுபடியும் அந்தப் பெயர். இப்போதே சொல்லிவிடுகிறவள் நல்ல மனைவியாக இருப்பாள். செல்வமணியால் முடியவில்லை.

"தடிச்ச கைதான்" என்றாள். "ஒங்க அம்மை மாதிரி."

"அப்பம் இது போதாது" என்று பகவதிப்பெருமாள் எழுந்தார். "ஒரு சுத்து கூட்டித் தரச் சொல்லுகேன். சாயங்காலத்துக்குள்ள குடுத்துருவான்." டப்பாவை மடியில் சொருகிக்கொண்டு, மண்டியில் அவளைத் தனியாக விட்டதைக்கூட மறந்து, நகைக்கடைப் பக்கம் வேகமாக நடந்தார்.